பன்னிரண்டாம் வீட்டு விரிசல்

கீழப்பூவனூர் காலனியில் மொத்தம் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டிலும் விரிசல். விரிசல் விழாதது ஒன்றே ஒன்று, முகப்பில் நட்டிருக்கும் திறப்புவிழாக் கல்வெட்டு. ஆட்சி மாறியபோது அதிலிருந்த மந்திரி பேரின் மேல் தார் பூசினார்கள். மறுபடி மாறியபோது தாரைச் சுரண்டினார்கள். இத்தனை பாடு பட்டும் அந்தக் கருங்கல் நூலளவு அசையவில்லை. அதற்கு மட்டும் மூன்றடி பள்ளம் எடுத்து ஜல்லி கொட்டிக் கட்டியிருந்தான் காண்ட்ராக்டர்.

"ஜனங்க தலையில ஓடு விழுந்தா விழட்டும், மந்திரி பேரு சாயக்கூடாதுல்ல" என்பார் மூன்றாம் வீட்டு மருதையன். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர். கூலிப் போராட்டத்தில் இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய் வந்தவர்.

காலனி நின்ற இடம் சும்மா வந்த இடம் இல்லை. பெரிய பண்ணை வைத்தியலிங்கம் வண்டிக்காரன் பேரிலும் மாட்டுக்காரன் பேரிலும் எழுதி வைத்திருந்து, உச்சவரம்புச் சட்டத்தில் பிடிபட்ட நிலம். கோர்ட்டில் ஏழு வருசம் நின்று தோற்றார். அரசாங்கம் எடுத்துத் தொகுப்பு வீடு கட்டி ஆளுக்கொரு பட்டா கொடுத்தது. அப்போது அது வெறும் சேறு. யார் கண்ணையும் உறுத்தவில்லை. இப்போது எதிரே தார் ரோடு போட்டு குத்தாலம் பஸ் வந்து நிற்கிறது. உறுத்த ஆரம்பித்துவிட்டது.

வைகாசி முதல் வாரத்தில் பன்னிரண்டு கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். கடந்த ஐப்பசி வெள்ளத்தால் பழுதுற்று இடிந்து விழும் நிலையில் உள்ளதால் மேற்படி வீடுகள் வசிக்கத் தகுதியற்றவை. குடியிருப்போர் சுடுகாட்டுக்கு மேற்கே ஒதுக்கியிருக்கும் மனைகளுக்கு மாற வேண்டும். ஆட்சேபம் இருந்தால் ஆனி பிறந்த மறுநாள் ஆர்.டி.ஓ. நேரில் வந்து விசாரிப்பார். சுடுகாட்டுக்கு மேற்கே என்றால் வடிகால் வாய்க்கால் கரை. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் இடம். அங்கே பிணத்தையே மேடு பார்த்துத்தான் வைப்பார்கள்.

அந்த வாரம் பன்னிரண்டாம் வீட்டு நாகம்மாளின் மகள் தர்மாம்பாள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தோள்பையில் நூறடி டேப்பும் தூக்குக்குண்டும் டார்ச் லைட்டும் இருந்தன. கட்டடப் படிப்பில் பி.இ. முடித்து, கும்பகோணத்தில் வீடுகளை அளந்து மதிப்புப் போடும் ஓர் ஆபீசில் வேலை பார்த்தாள். காலனியில் முதல் பட்டம் அவளுடையது. முன்கோபத்திலும் முதல் இடம் அவளுக்குத்தான்.

பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் அரைநாள் நின்று, நோட்டீசுக்கு ஆதாரமாக யூனியன் இஞ்சினீயர் எழுதிய ரிப்போர்ட்டின் நகலை வாங்கி வந்திருந்தாள். ஏழாம் வீட்டுத் தங்கம்மாளின் வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அதை வாசித்துக் காட்டினாள்.

"'உட்புறச் சுவர்களிலும் ஆழ்ந்த விரிசல்கள் காணப்பட்டன.' காணப்பட்டனவாம்! யாரு கண்டா? பெரியம்மா, அந்த ஆளு எத்தன வூட்டுக்குள்ள போனாரு?"

"உள்ளயா?" தங்கம்மாள் கொட்டையை முறத்தில் எறிந்தாள். "ஜீப்பு இஞ்சினையே நிறுத்தலடி. உறுமிக்கிட்டு நின்னுச்சு. ரோட்டுல நின்னபடி நாலு போட்டோ புடிச்சாரு. வாங்க சார், உள்ள வந்து பாருங்கன்னு நான்தான் கூப்புட்டேன். 'இருக்கட்டும் இருக்கட்டும், இங்கேருந்தே தெரியுது'ன்னாரு."

"சுவத்துக்குள்ள பாக்குற கண்ணு போலருக்கு" என்றாள் ஒருத்தி.

"கண்ணுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. காலுதான் வரல. நம்ம வாசப்படி தாண்டினா என்னா ஆவும்னு அந்தக் காலுக்குத் தெரியும்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். தர்மாம்பாள் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் நுழையாமல் வீட்டைச் சோதித்திருக்கிறான். படித்த நாலு வருசத்தில் இப்படி ஒரு முறையை எந்தப் பாடத்திலும் அவள் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் வந்த மருதையன் மனு எழுதலாம், மறியல் பண்ணலாம் என்றார்.

"மனுவும் எழுதுங்க, மறியலும் பண்ணுங்க சித்தப்பா. ஆனா அவன் விரிசல்னு எழுதியிருக்கான். நாம விரிசலப் பத்திப் பேசணும். நான் ஒவ்வொரு வூடா அளக்கப் போறேன்."

மறுநாள் காலை குத்தாலம் கடைத்தெருவில் இப்ராஹிம் பாயின் கண்ணாடிக் கடையில் நின்றாள்.

"அரை இஞ்சு அகலம், நாலு இஞ்சு நீளம். பன்னெண்டு துண்டு வேணும் பாய். ரொம்ப மெலிசா இருக்கணும்."

"என்னம்மா இது, பொம்மை வூட்டுக்கு ஜன்னலா?"

"எங்க வூட்டு விரிசலுக்குக் குறுக்க ஒட்டப் போறேன்."

"கண்ணாடிய ஒட்டினா சுவரு நிக்குமா? என்னாம்மா படிச்சுட்டு இப்புடிச் சொல்றே!"

"நிக்கிறதுக்கு இல்ல பாய். ரெண்டு பக்கமும் சிமெண்டு வெச்சு ஒட்டினா, சுவரு ஒரு மயிரிழை நகந்தாலும் கண்ணாடி படக்குன்னு ஒடஞ்சுடும். ஒடையலேன்னா விரிசல் பழசு, சுவரு இப்ப நகரலேன்னு அர்த்தம்."

பாய் வைரமுனைக் கத்தியால் கோடு இழுத்து ஒவ்வொரு துண்டாக மளுக்கென்று பிரித்தார். ஓரமெல்லாம் வெண்ணெயில் கத்தி போட்டது போல் நேராக வந்தது. கை கிழிக்காமல் இருக்க விளிம்புகளைக் கல்லில் தேய்த்தும் கொடுத்தார். "இருவது வருசமா கண்ணாடி விக்கிறேன். வளைகுடாவுல இருக்குற புள்ளைங்க போட்டோவுக்கு வாங்குவாங்க, அலமாரிக்கு வாங்குவாங்க. ஒடையுதா பாப்போம்னு வாங்குற மொத ஆளு நீதான்."

"ஒடையக்கூடாதுன்னுதான் பாய் வாங்குறேன்."

கத்திரி வெயில் முடியப்போகும் நாட்கள் அவை. வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். அந்த வருசக் கோடைக்கு மண் வெடிக்கவேண்டியது எல்லாம் வெடித்து முடித்திருந்தது. இனிமேல் சுவர் நகர்ந்தால் மண் காய்ந்ததால் என்று சொல்ல முடியாது. அதற்காகவே அந்த வாரத்தை அவள் தேர்ந்தெடுத்தாள்.

முதல் வீட்டிலிருந்து தொடங்கினாள். தூக்குக்குண்டு கட்டிச் சாய்வு பார்த்தாள். கொல்லையில் சுவரோரம் மண்ணைத் தோண்டிக் கடைக்கால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தாள். ஒன்றரை அடி. அடுத்த வீட்டிலும் ஒன்றரை. கல்வெட்டுக்கு மூன்றடி, குடித்தனத்துக்கு ஒன்றரை. நோட்டுப்புத்தகத்தில் பென்சில் முனை ஒடிகிற மாதிரி எழுதினாள். கோடையில் பிளந்து மழையில் உப்பும் வயல்மண்ணின் மேல் ஒன்றரை அடியில் சுவரை நிறுத்தினால் முதல் வருசமே வெடிக்கும். அது அவளுக்குப் புரிந்தது. முதல் வருசமே வெடித்தது என்பதை எப்படி நிரூபிப்பது? வீட்டுக்காரர்களுக்கு வருசம் தெரியவில்லை. "அது வந்து ரொம்ப நாளாச்சும்மா" என்றார்கள்.

வழி தங்கம்மாள் வீட்டில் கிடைத்தது. விரிசலின் ஓரத்தில் பேனாக்கத்தியால் சுரண்டினாள் தர்மாம்பாள். வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக நிறம் வந்தது. பொங்கலுக்குப் பொங்கல் அடித்த பூச்சு.

"பெரியம்மா, மேல இருக்குறது ரோஸு. இது இந்தப் பொங்கலா?"

"ஆமா, இந்தத் தைக்கு அடிச்சது. காலனி பூரா ரோஸுதான். மொத்தமா வாங்கினா மலிவுன்னு மருதையன் வாங்கியாந்தாரு."

"இதுக்குக் கீழ பச்சை?"

"அது எலக்சன் முடிஞ்சு வந்த பொங்கல். சுவத்துல சின்னம் எழுதின மிச்சப் பெயிண்டு. ஒம்போதாம் வூட்டு செல்வன்தான் எலைக்குன்னு வாங்கின பச்சையில ஒரு டப்பாவ அமுக்கிட்டு வந்தான். கட்சி தோத்துச்சு, எங்க சுவரு ஜெயிச்சுச்சு."

"அதுக்குக் கீழ மஞ்சக்காவி."

"எங்க மூத்தவ சடங்கான வருசம்டி! அதுக்குக் கீழ நீலம் போட்ட சுண்ணாம்பு இருக்கும் பாரு, அஞ்சாறு பொங்கலுக்கு அதேதான் அடிச்சோம். உங்கப்பா செத்த வருசம் யாருமே அடிக்கல. அதனால ஒண்ணு கொறையும்."

வருசம் தெரியாத ஜனங்களுக்கு நிறம் தெரிந்திருந்தது. தர்மாம்பாள் டார்ச்சை விரிசலுக்குள் சாய்த்துப் பிடித்தாள். குடிவந்த வருசத்து முதல் வெள்ளை மட்டும் சுவரோடு சேர்ந்து பிளந்திருந்தது. அதற்குப் பிறகு அடித்த நீலம், காவி, பச்சை, ரோஸ் எல்லாம் விரிசலின் உள்ளே வழிந்து இறங்கிக் காய்ந்திருந்தன. ஆக, முதல் பொங்கலுக்கும் இரண்டாம் பொங்கலுக்கும் நடுவில் விழுந்த விரிசல். போன ஐப்பசி வெள்ளத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கடைக்காலில் களவாண்ட குற்றம். ஆனால் பத்து வருசமாக வளராத விரிசல். பதினொரு வீட்டிலும் அதே கதை. குறுக்கே கண்ணாடி ஒட்டினாள். பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினாள்.

கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்தாள். பின்சுவரில் டார்ச் அடித்தவள் அப்படியே நின்றாள்.

விரிசலின் விளிம்பில் ரோஸ் நிறம் கத்தியால் கீறியது போல் இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே பச்சையும் இல்லை, காவியும் இல்லை. வெறும் செங்கல்லின் சிவப்பு. நேற்று அறுத்த காயம் மாதிரி. பழைய விரிசலுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று, விரல் நுழையும் அகலம், கீழே குறுகி மேலே விரிந்து. சுவர் கொல்லைப் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

கொல்லைக் கதவைத் திறந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் குழி. மாசியில் வைத்தியலிங்கம் அங்கே செங்கல் சூளை போட்டிருந்தார். மண் வெட்டி வெட்டிக் குழி வேலியை நெருங்கியிருந்தது. டேப்பைப் போட்டாள். சுவரிலிருந்து ஆறடி தள்ளி, எட்டடி ஆழம். குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாவது தள்ளி வெட்டவேண்டும் என்பது கொத்தனார் வீட்டுக் கைப்பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

சாயங்காலம் நாகம்மாள் வேலை முடிந்து வந்தாள். தலையில் சும்மாடு, முழங்கால் வரை களிமண். வந்த சேற்றோடு அடுப்பை மூட்டிக் கருவாட்டுக் குழம்பை வைத்துவிட்டுத்தான் கால் கழுவினாள்.

"எங்கம்மா மண்ணு சொமக்குறே?" என்றாள் தர்மாம்பாள். பதில் தெரிந்தேதான் கேட்டாள்.

"சூளையிலதான்."

"எந்தக் குழியிலேருந்து?"

நாகம்மாள் கொல்லைப் பக்கம் பார்த்தாள். "உளுந்து எடுத்ததோட வயல்ல வேலை முடிஞ்சு போச்சு. தண்ணி வர்ற வரைக்கும் என்னாத்த திங்கிறது? இதுன்னா வூட்டுக்கிட்ட. மத்தியானம் வந்து ஒரு வாய் கஞ்சி குடிச்சுட்டுப் போவலாம்."

"உன் வூட்டுக்குக் கீழ இருக்குற மண்ண நீயே வெட்டிச் சொமந்து அந்தாளு சூளைக்குக் குடுத்திருக்கே!"

"நான் ஒருத்தி சொமக்காட்டி குழி நின்னுடுமா?"

தர்மாம்பாளுக்கு வாய் வரைக்கும் வந்தது. சோற்றுப் பானையைப் பார்த்தாள், அடக்கிக்கொண்டாள். அவள் படித்த படிப்பில் இந்தச் சும்மாடும் இருந்தது. சிமெண்டைக் குழைத்துப் புது விரிசலின் குறுக்கே பன்னிரண்டாவது கண்ணாடியை ஒட்டித் தேதி எழுதினாள். ஞாயிறு பஸ்ஸில் கும்பகோணம் போய்விட்டாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை மத்தியானம் கோடை மழை இடியோடு கொட்டியது. சூளைக்குழி நிரம்பியது. கரை சரிந்து வேலிக்காலில் நாலைந்து குழிக்குள் போயின.

சனிக்கிழமை தர்மாம்பாள் வந்ததும் வராததுமாக வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். பதினொரு கண்ணாடியும் முழுசாக இருந்தன. நோட்டில் குறித்துக்கொண்டு தன் வீட்டுக்கு வந்தாள். பன்னிரண்டாவதும் முழுசாக இருந்தது. ஒரு கணம் சந்தோசமாகத்தான் இருந்தது. பிறகு விரலை வைத்துத் தடவினாள்.

ஓரம் நெளிநெளியாக இருந்தது. பாய் அறுத்த ஓரம் இல்லை. சிமெண்டு இருந்த இடத்தில் சுண்ணாம்பு. நகத்தால் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

திரும்பி எதிர்ச்சுவரைப் பார்த்தாள். அங்கே அவள் அப்பா வீரையன் போட்டோ மாட்டியிருந்தது. ஐந்து வருசத்துக்கு முன்னால் சம்பா களையெடுப்பில் பாம்பு தீண்டிச் செத்தவர். சட்டம் இருந்தது, மாலை இருந்தது. போட்டோவின் மேல் கண்ணாடி இல்லை.

"அம்மா."

நாகம்மாள் கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். வரவில்லை.

"அப்பா போட்டோ கண்ணாடி எங்கம்மா?"

"மழையில கீழ விழுந்து ஒடஞ்சு போச்சு."

"போட்டோ விழலியா? கண்ணாடி மட்டும் தனியா எறங்கி வந்து விழுந்துச்சா?"

பேச்சு கேட்டு மருதையன் உள்ளே வந்தார். அவருக்கு விசயம் தெரிந்திருந்தது. "நான்தான்டி கம்முனு இரு நாகம்மான்னேன். புதங்கெழமை மழையிலயே நீ ஒட்டினது ஒடஞ்சு போச்சு. உனக்குத் தெரிஞ்சா எழுதிப்புடுவேன்னு உங்கம்மா பயந்தா. ஒரு கண்ணாடிதானே? பன்னெண்டும் ஒடையலேன்னு எழுது. வேல முடிஞ்சுது."

"எழுத மாட்டேன்."

"உன் வூடுடி! பன்னெண்டுல ஒண்ணு இடியுதுன்னு நாமளே ஒத்துக்கிட்டா, பாத்தீங்களா நான் சொன்னேன்லன்னு அந்த இஞ்சினீயரு குதிப்பான். மிச்ச பதினொண்ணையும் சேத்து அள்ளிக்கிட்டுப் போயிடுவானுவ."

"நாளைக்கு அந்தாளு வந்து இந்தச் சுண்ணாம்ப நகத்தால சுரண்டினா என்ன சொல்லுவீங்க? ஒரு கண்ணாடி பொய்யின்னா பன்னெண்டும் பொய்யி சித்தப்பா. அவன் ரோட்டுல நின்னு பொய் எழுதினான். நான் வூட்டுக்குள்ள உக்காந்து எழுதணுமா? அப்ப அவனுக்கும் எனக்கும் வாசப்படிதானா வித்தியாசம்?"

மருதையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இங்க வாங்க. இந்த டார்ச்சப் புடிங்க. உள்ள என்ன தெரியுது?"

"செங்கல்லு."

"ரோஸு இருக்கா?"

"உள்ள இல்ல. மேல பொளந்துருக்கு."

"ரோஸு எப்ப அடிச்சது? தையில. குழி எப்ப வெட்டினாங்க? மாசியில. வெள்ளம் எப்ப? போன ஐப்பசியில. வெள்ளத்துல வெடிச்சிருந்தா ரோஸு உள்ள எறங்கியிருக்கும்ல? இந்த வூட்ட வெள்ளம் இடிக்கல, சர்க்காரு களவாண்ட கடைக்காலும் இடிக்கல. அந்தக் குழி இடிக்குது. இந்த வூடு இடியுதுன்னு நான் வாயத் தொறந்து சொன்னாத்தான், யாரு இடிச்சான்னு சொல்ல முடியும். மறைச்சா பெரிய பண்ணையத்தான் நாம மறைக்கிறோம்."

மருதையன் விரிசலை மறுபடி பார்த்தார். விரலை உள்ளே விட்டுச் சிவந்த நுனியைப் பார்த்தார். "அடப்பாவி" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

கொல்லைக் கதவை ஒட்டி நாகம்மாள் நின்றிருந்தாள். "அப்ப வூடு போயிடும்ல?"

"போயிடும்மா."

நாகம்மாள் உள்ளே போனாள். அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஒரு துணி முடிச்சை எடுத்து வந்து மகள் கையில் வைத்தாள். அவிழ்த்தால் இரண்டு துண்டாக உடைந்த கண்ணாடி, ஒட்டியிருந்த சிமெண்டோடு.

"தூக்கிப் போட மனசு வரல. நீ ஒட்டினதாச்சே" என்றாள். பிறகு உலையில் அரிசியைப் போட்டாள்.

ஆர்.டி.ஓ. வந்த அன்று காலனி முழுக்க வேலைக்குப் போகாமல் நின்றது. இரண்டு ஜீப், ஒரு அம்பாசடர். அம்பாசடரின் பின்சீட்டில் வைத்தியலிங்கம் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. கல்வெட்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்தார்கள். இஞ்சினீயர் தன் ரிப்போர்ட்டைப் படித்து முடித்தார். தர்மாம்பாள் தன் நோட்டையும், வெள்ளைத்தாளில் எழுதிய பதினாலு பக்கத்தையும் நீட்டினாள்.

"நீங்க யாரும்மா?" என்றார் ஆர்.டி.ஓ. வயதானவர். வெயிலில் அலுத்திருந்தார்.

"பன்னெண்டாம் வீட்டு வீரையன் மகள் சார். பி.இ. சிவில்."

"சார், இது ரிப்போர்ட்டே இல்ல" என்றார் இஞ்சினீயர். "லைசென்ஸ் கிடையாது, ஒரு லெட்டர்பேடு கிடையாது. அவங்க வீட்டப் பத்தி அவங்களே எழுதினா எப்படி சார்?"

"லெட்டர்பேடு வீட்டுக்குள்ள போய்ப் பாக்காதுங்க. நான் போனேன். சார் எந்த வீட்டுக்குள்ள போனாருன்னு நீங்களே கேளுங்க."

"போய்த்தானே எழுதியிருக்கேன்?"

"அப்படின்னா எந்த வீட்டு உள்சுவரு என்ன நெறம்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க போதும்."

இஞ்சினீயர் நெற்றியைத் துடைத்தார். "பெயிண்டு கலரெல்லாம் யாருக்குமா ஞாபகம் இருக்கும்?"

"பன்னெண்டும் ஒரே ரோஸு சார்!" என்று கூட்டத்திலிருந்து தங்கம்மாள் கத்தினாள். "ஒரு வூடு பாத்திருந்தாலும் போதுமே!"

சிரிப்பு பஸ் நிறுத்தம் வரைக்கும் போனது. ஆர்.டி.ஓ. சிரிக்கவில்லை. தாளைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றார். "பன்னெண்டாம் நம்பர் வீட்டுல கண்ணாடி ஒடஞ்சிருக்கு, சுவர் நகருது, ஆள் குடியிருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. அது உங்க வீடுன்னீங்களே?"

"ஆமாங்க சார். எங்க வீடுதான். அது விழும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு முதல் முறையாக அலுப்பில்லாமல் பார்த்தார். "வாங்க, காட்டுங்க" என்று எழுந்தார். "இஞ்சினீயர், நீங்களும் வாங்க."

ஆர்.டி.ஓ. செருப்பை வாசலில் விட்டுக் குனிந்து உள்ளே நுழைந்தார். முதலில் ஏழாம் வீடு, அப்புறம் பன்னிரண்டு. தர்மாம்பாள் டார்ச் அடித்தாள். நாகம்மாள் துணி முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். அவர் விரிசலுக்குள் விரலை விட்டார். கொல்லைக்குப் போய்க் குழியை எட்டிப் பார்த்தார். டேப்பை அவரே ஒரு முனை பிடித்தார். இஞ்சினீயர் அதுவரை வாசப்படியில் உட்கார்ந்து ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் அவிழ்த்து முடிப்பதற்குள் ஆர்.டி.ஓ. வெளியே வந்துவிட்டார்.

மேசையில் உட்கார்ந்து எழுதினார். பதினொரு வீட்டுக்கும் நோட்டீஸ் ரத்து, அரசு செலவில் பழுது பார்க்கவேண்டும். பன்னிரண்டாம் வீட்டை உடனே காலி செய்யவேண்டும்.

"குழி சார்?" என்றாள் தர்மாம்பாள்.

"அது வேற விசயம்மா. தனி மனுவாக் குடுங்க. பார்க்கலாம்." பேனாவை மூடினார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "பட்டாவுல ஒரு நிபந்தனை இருக்கு. மனை மூணு மாசம் குடியில்லாம காலியாக் கெடந்தா ரத்து பண்ணலாம். தெரிஞ்சுக்கங்க."

அம்பாசடரின் கண்ணாடி மேலே ஏறியது. ஏறுவதற்குள் வைத்தியலிங்கம் சொன்னது கேட்டது. "மூணு மாசம்தானே."

தர்மாம்பாள் காரின் பக்கம் திரும்பி, உள்ளே கேட்கிற மாதிரி, "மூணு நாள்கூட காலியாக் கெடக்காது சார்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் ஓட்டைப் பிரித்தார்கள். பதினொரு வீட்டு ஆளும் வந்தார்கள். மருதையன் கூரைமேல் ஏறி ஓட்டை எடுத்துக் கொடுக்க, பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றி ரோட்டோரம் அடுக்கினார்கள். சூளைக்கு அன்றைக்கு ஒருத்தியும் போகவில்லை. கணக்குப்பிள்ளை வேலி ஓரம் வந்து கூப்பிட்டான். "எங்க வூட்டுலயே இன்னிக்கு மண்ணு வேல இருக்குப்பா" என்று தங்கம்மாள் பதில் சொன்னாள். மத்தியானத்துக்குள் கூரை இறங்கியது. பின்சுவரைக் கடப்பாரையால் இடிக்க வேண்டியிருக்கவில்லை. கயிறு கட்டி இழுத்ததும் குழிப் பக்கமாகப் போய்ச் சரிந்தது.

புதுக் கடைக்காலுக்குத் தர்மாம்பாள் ரோட்டுப் பக்கமாகக் கயிறு கட்டினாள், குழியிலிருந்து இருபதடி தள்ளி. பழைய முன்சுவரின் கடைக்கால் அந்தக் கோட்டுக்குள் வந்தது. மேட்டூர் திறந்தாகிவிட்டது, வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் பள்ளம் எடுத்துக் கல் ஏற்றியாக வேண்டும். வந்துவிட்டால் இந்த மண்ணில் மண்வெட்டி நிற்காது. லீவு நீட்டிக் கேட்டு ஆபீசுக்குத் தந்தி அடித்துவிட்டு வந்திருந்தாள்.

நாகம்மாள் பள்ளத்தில் இறங்கியிருந்தாள். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மண்வெட்டியைத் தோளுக்கு மேல் ஓங்கி வெட்டினாள். பழைய செங்கல் வரிசை முடிந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் காலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தாள்.

"இதான் உங்கப்பா நிறுத்தின எடம்."

தர்மாம்பாள் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அப்பாவா வெட்டினாரு?"

"பின்ன? பன்னெண்டு வூட்டு பள்ளத்தையும் இங்க இருந்தவங்கதான் கூலிக்கு வெட்டுனோம். சித்திரை மாசம். மண்ணு பாறை மாதிரி கெடந்துச்சு. ஒண்ணரை அடியில போதும்னான் மேஸ்திரி. இது வயக்காட்டு மண்ணு, தண்ணி வந்தா உப்பும், கோடையில வெடிக்கும், இன்னும் ரெண்டு அடி போவட்டும்னு உங்கப்பா சொன்னாரு."

"மேஸ்திரி என்னா சொன்னான்?"

"'ஏன்டா, நீ என்ன இஞ்சினீயரா?'ன்னான். அவரு மண்வெட்டிய வெச்சுட்டு மேல ஏறிட்டாரு."

ரோட்டில் குத்தாலம் பஸ் நின்று ஆளை இறக்கிவிட்டுப் போனது. இறங்கியவர்களில் இரண்டு பேர் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

தர்மாம்பாள் அளவுக்கோலை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் குதித்தாள். கடைக்கால் முடிந்த இடத்தில் கரியால் ஒரு கோடு போட்டாள். அதற்குக் கீழே கோடு போடப் பள்ளம் இல்லாததால், இன்னும் வெட்டாத மண்ணைக் காலால் மிதித்துக் காட்டினாள்.

"இன்னும் மூணரை அடி போவணும்மா. கருமண்ணு முடிஞ்சு மணல் தட்டுற வரைக்கும்."

நாகம்மாள் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டாள்.

"தள்ளி நில்லு, இஞ்சினீயரு" என்றாள். மண்வெட்டி அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியது.